வெறியும் இல்லை, காது வலியும் இல்லை: மூளை அழற்சி வந்த எங்கள் நாய்கள்

கோரிமேட்டிலிருந்து

எங்கள் லட்டு பக் இனம், பெட்டை, 3 வயது, 8 கிலோ. போன ஆடியில் ஒரு நாள் காலையில் தலையை இடப்பக்கம் திருப்பியபடியே நின்றாள். காதில் ஏதோ பிரச்சினை என்று சொட்டு மருந்து ஊற்றினோம். அதில் நாலு நாள் வீணாகப் போனது.

அப்புறம் ஹாலில் சோபாவைச் சுற்ற ஆரம்பித்தாள், எப்போதும் இடப்பக்கமாகவே. கூப்பிட்டால் நிற்பாள், ஒரு நொடி பார்ப்பாள், மறுபடியும் சுற்றுவாள். சில நேரம் சுவர் மூலையில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நிற்பாள். எனக்கு இன்றும் மறக்காதது அவள் சாப்பாட்டுத் தட்டு. இடப்பக்கச் சோறு சுத்தமாகக் காலியாக இருக்கும், வலப்பக்கம் வைத்தது வைத்தபடி கிடக்கும். தட்டைத் திருப்பி வைத்தால் அதையும் சாப்பிட்டு விடுவாள். பசியில் குறை இல்லை. மூளையின் இடப்பாதியில் வீக்கம் இருந்ததால் வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை என்பது டாக்டர் சொல்லித்தான் புரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, "வெறி பிடிச்சிருக்குமோ என்னமோ, குழந்தைங்கள கிட்ட விடாதீங்க கண்ணு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நாயின் குணம் திடீரென்று மாறினால் முதலில் வெறிநோயைத்தான் நினைக்க வேண்டும். லட்டுவுக்கு வருடம் தவறாமல் ஊசி போட்டிருந்தோம், அட்டையும் கையில் இருந்தது. அப்படியிருந்தும் டாக்டர் கையுறை போட்டுத்தான் வாயைத் திறந்து பார்த்தார். எச்சிலைப் பிள்ளைகள் தொட வேண்டாம் என்றும் சொன்னார்.

அன்று ராத்திரியே வலிப்பு வந்தது. மறுநாள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். எதுவும் இல்லை. அடுத்த வாரம் தொப்பூர் கணவாய் ஏறி பெங்களூரு போய் எம்ஆர்ஐ எடுத்தோம். அங்கேயே மயக்கம் கொடுத்து, பிடரியில் ஊசி வைத்துத் தண்டுவட நீரும் எடுத்தார்கள். அந்த நீரில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 5-க்கு மேல் வெள்ளை அணுக்கள் இருக்கக் கூடாதாம். லட்டுவுக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தது.

கிருமி எதுவும் அகப்படவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையையும் அதன் உறையையும் தாக்குகிறது என்றார்கள். காரணம் தெரியாத மூளை அழற்சி என்பதுதான் நோயின் பெயரே, சுருக்கமாக எம்யூஈ. அதில் சில உட்பிரிவுகள் உண்டு. எது என்று உறுதியாகச் சொல்ல மூளைத் திசுவையே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் நாயிடம் அதைப் பெரும்பாலும் செய்வதில்லை. பக், மால்டீஸ், சிவாவா போன்ற சின்ன இனங்களில், அதுவும் இளம் வயதில், அதிகம் வருகிறது. பக் நாய்களில் பரம்பரைத் தொடர்பும் உண்டு. ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கோ மனிதருக்கோ தொற்றாது.

காலையும் மாலையும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அடுத்தடுத்த இரண்டு நாளில் 12 மணி நேர இடைவெளியில் நாலு சைட்டராபின் ஊசி. இது மனிதர்களுக்கு ரத்தப் புற்றுநோயில் கொடுக்கும் மருந்து. ஊசி போட்ட நாட்களில் அவள் மூத்திரத்தைத் துடைக்கக் கையுறை கட்டாயம் என்றார்கள். பத்தாம் நாள் சுற்றுவது நின்றது.

இனி என் தப்பைச் சொல்கிறேன். ஸ்டீராய்டு கொடுத்தால் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீடெல்லாம் நனையும், எந்நேரமும் பசிக்கும், மூச்சு வாங்கும். நாலாம் மாதம் அதைப் பார்க்கச் சகிக்காமல் யாரையும் கேட்காமல் மாத்திரையைப் பாதியாக்கினேன், பிறகு நிறுத்தியே விட்டேன். பதினோராம் நாள் மறுபடி வலிப்பு. முதல் தடவையைவிட நீண்ட நேரம் இருந்தது. அவள் கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்த ராத்திரிக்கு முழுப் பொறுப்பு நான்தான்.

ஏற்காடு, நாகலூரிலிருந்து

எங்கள் பீகிளுக்கு வந்தது வேறு வகை. பத்து மாதக் குட்டி, எஸ்டேட்டெல்லாம் ஓடித் திரிபவன், ஒரு நாள் கழுத்தை நீட்டிக்கொண்டு மரம்போல நின்றான். உடம்பு அனலாய்க் கொதித்தது. குனிய முடியாததால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு செங்கல் மேல் வைத்த பிறகுதான் குடித்தான். கழுத்துப் பட்டையைத் தொட்டாலே அலறினான். காபிச் செடிக்குள் எங்கோ மாட்டிக் கழுத்து சுளுக்கியிருக்கும் என்று நினைத்தோம்.

மலையிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவன் முனகுவான், என் மனைவி இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொள்வாள். அந்தப் பாதை அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

தண்டுவட உறையில் அழற்சி, ஸ்டீராய்டுக்குக் கேட்கும் வகை என்றார்கள். பீகிள், பாக்ஸர் போன்ற இனங்களில் 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் பெரும்பாலும் வரும். மூன்றே நாளில் வாலாட்டினான். ஆனாலும் கிட்டத்தட்ட ஆறு மாதம் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தினோம். இப்போது மருந்தே இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: அதற்கு முன் இரண்டு நாள் வலி மாத்திரை கொடுத்திருந்தோம். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம். டாக்டரே கேட்டதால் தப்பித்தோம். நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து

எங்களுடையது தெருக்குட்டி, மூன்று மாதம் இருக்கும். கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல். எல்லாம் சரியாகி வந்த நேரத்தில் முன்னங்கால் துடிக்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு துடிக்கிறது என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திய பிறகும், தூக்கத்திலும், அதே தாளத்தில் துடித்தது. பிறகு எதையோ மெல்வதுபோல வாய் அசைந்து, எச்சில் நுரைத்து, வலிப்பு வந்தது. பாதத்தின் அடித்தோல் தடித்துக் கெட்டியாகியிருந்தது.

டிஸ்டெம்பர் என்றார்கள். இது வைரஸ், நாயிலிருந்து நாய்க்குப் பரவும். மூளைக்கு ஏறிவிட்டால் அதை ஒழிக்க மருந்து கிடையாது. ஒன்பது நாள் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். நேரத்தில் தொடங்கியிருந்தால் பிழைத்திருக்கலாம். இப்போது எங்கள் தெருக்குட்டிகள் எல்லாவற்றுக்கும் நானே போய்ப் போட்டுவிடுகிறேன்.

சூரமங்கலத்திலிருந்து

எங்கள் மால்டீஸுக்கும் லட்டுவுக்கு வந்த அதே நோய் என்று போன வாரம் சொன்னார்கள். லட்டு இப்போது எப்படி இருக்கிறாள்? மருந்து எப்போது நிற்கும்?

கோரிமேட்டிலிருந்து

உங்கள் நாய் பெயர் என்னங்க? தைரியமாக இருங்கள். முதல் சில வாரம்தான் கஷ்டமான காலம், அதைத் தாண்டிய பல நாய்கள் வருடக் கணக்கில் இருக்கின்றன. லட்டுவுக்கு மருந்து நிற்கவில்லை. சிலவற்றுக்கு ஆயுள் முழுக்க வேண்டியிருக்குமாம். மாத்திரை மாதத்துக்குக் கொஞ்சம் குறைகிறது, டாக்டர் சொன்னால் மட்டும். இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கிறேன். வலிப்பு வந்தால் வாயில் கை வைக்காதீர்கள். தரையில் படுக்க விட்டு, மணி பார்த்து, போனில் வீடியோ எடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எங்கள் டாக்டருக்கு நான் பத்து நிமிடம் வாயால் சொன்னதைவிட அந்த நாற்பது நொடி வீடியோதான் உதவியது.

நேற்று ராத்திரி தட்டின் இரண்டு பக்கமும் காலி.