கிளாரினெட் வாசிக்கும் பையன் பல்கலைக்கழக இசை ஆசிரியராக என்ன வழி?

மஞ்சக்குப்பம்வாசி:
வணக்கம். அக்கா பையன் பிளஸ் டூ முடிக்கிறான், ஊர் கடலூர். பள்ளி பேண்டில் கிளாரினெட். லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் இசைத் தேர்வில் 5ஆம் கிரேடு முடிச்சிருக்கான். பி-பிளாட் சுருதி, போம் சிஸ்டம் (கீ அமைப்பின் பெயர்), மரக் கருவி. கச்சேரியும் பண்ணணும், பல்கலைக்கழகத்தில் பாடமும் எடுக்கணும் என்கிறான். கர்நாடகமா, வெஸ்டர்னா? சிதம்பரம் அண்ணாமலையில் சேர்க்கலாமா, அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடமா? கருவியை மாத்தணுமா?

நெட்_பேப்பர்2:
வேலை எங்கே என்பதிலிருந்து பின்னோக்கி வாங்க. இங்கே பல்கலைக்கழக இசைத்துறைகளில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு யுஜிசியின் 2018 விதிமுறைப்படி இரண்டு வாசல்.

ஒன்று, இசையில் முதுகலை 55 சதவீதம், கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). நெட்டில் இசைக்குப் பாட எண் 16. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 3 மணி நேரம்; தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். நல்லா வாசிக்கிற பசங்க கோட்டை விடுவது முதல் தாளில்தான். அதில் கற்பித்தல், ஆய்வுமுறை, தர்க்கம் வரும், சங்கீதம் வராது.

இரண்டாவது, கலைஞர் வாசல். இளங்கலைப் பட்டம், பெயர்பெற்ற குருவிடம் பயிற்சி, வானொலி அல்லது தூர்தர்ஷனில் 'ஏ' கிரேடு, பாடத்தை விளக்கிச் சொல்லும் திறமை. வானொலியில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று ஏறணும். பி-யிலிருந்து ஏ-க்கு வர வருஷக்கணக்கில் ஆகும், அதனால் புதுச்சேரி நிலையத்தில் ஆடிஷனுக்குப் படிக்கும்போதே விண்ணப்பிக்கட்டும். இரண்டு வாசலுக்கும் ஒரே சமயத்தில் தயார் பண்ணுவதுதான் புத்திசாலித்தனம்.

எந்தக் கல்லூரி என்பதற்கு, இந்த வருஷ சேர்க்கை அறிவிப்பில் முதன்மைப் பாடமாகக் கிளாரினெட் இருக்கா என்று முதலில் பாருங்க. இல்லையென்றால் வாய்ப்பாட்டில் சேர்த்துவிட்டு கிளாரினெட்டைத் தனியாக ஒரு நாகசுர வித்வானிடம் தொடரலாம். பின்னால் பாடம் எடுக்க வாய்ப்பாட்டு கட்டாயம் கைகொடுக்கும். கல்யாண பேண்ட் வாத்தியம்தானே என்பவர்களிடம், ஏ.கே.சி. நடராஜன் 2022இல் பத்மஸ்ரீ வாங்கியது இதே கிளாரினெட்டுக்குத்தான் என்று சொல்லுங்க.

ரீட்பெட்டி:
கருவியை மாத்த வேண்டாம், சுருதியை யோசிச்சு எடுக்கணும். கட்டை என்பது ஸ நிற்கும் சுருதியின் அளவு. பி-பிளாட் கிளாரினெட்டில், நோட்டில் டி என்று எழுதுவது 1 கட்டை, எஃப் என்பது 2½ கட்டை.

எல்லாரும் 2½ கட்டைக்கு ஓடுவாங்க. அங்கே மத்யஸ்தாயி ரி, க, ம மூணும் ஜி, ஏ, பி-பிளாட் பக்கம் விழும். அந்தச் சுரங்களில் துளை எல்லாம் திறந்தோ, சைடு கீயை அழுத்தியோ இருக்கும்; ஒலி மெலிசு, விரலை வழுக்கி கமகம் (சுர அசைவு) கொடுக்க அங்கே துளையே கிடையாது. காந்தாரத்தை அசைக்க முடியாமல் தோடி ராகமே செத்துப் போகும்.

1 கட்டையில் ஸ டி-யில் நிற்கும். தோடி காந்தாரம் எஃப்-இல் வரும். கட்டை விரலையும் முதல் ரெண்டு விரலையும் வழுக்கி ரி-க-ம அசைவைக் கொண்டு வரலாம். மெலிசான ஏ-யில் விழுவது பஞ்சமம். அதுக்குத்தான் கமகமே கிடையாதே! தொந்தரவு சுத்த தைவதத்தில். அது பி-பிளாட்டில் வரும், அங்கிருந்து நிஷாதத்துக்குப் போகணும்னா கிட்டத்தட்ட எல்லாத் துளையையும் மூடணும். அதனால் ப, த வாசிக்கும்போதே வலது கை விரல்களை மூடி வச்சுக்கணும். ஒலியும் தடிக்கும், தாண்டும்போது கிறீச்சும் வராது.

ரீட் 2½ போதும். 3½ போட்டால் கமகத்தில் உதடு வளையாது. ஒரே ரீட்டைத் தேய்க்காமல் மூணு நாலை மாத்தி மாத்திப் போடணும். துத்துக்காரம் குறைத்து, நீண்ட மூச்சில் வாசிக்கப் பழகணும்; பேண்ட் பழக்கத்தில் ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டுவாங்க.

பீச்ரோட்_பாஸ்:
வெஸ்டர்ன் பக்கம் சுருக்கமா. நம் நாட்டில் முழுநேர ஆர்கெஸ்ட்ரா என்றால் மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. மற்றபடி பள்ளிகள், தனியார் இசைப் பயிற்சி நிலையங்கள். அதுக்கு டிரினிட்டியில் 8ஆம் கிரேடு, பிறகு ஏடிசிஎல், எல்டிசிஎல் டிப்ளமோக்கள். இன்னொரு பிரிட்டிஷ் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் பக்கம் மாறினால், 6ஆம் கிரேடு வாசிப்புக்கு முன் 5ஆம் கிரேடு தியரி தேறியிருக்கணும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் வாசிப்பில் முனைவர் பட்டம் கேட்பாங்க, நேர்காணலில் ஒரு மாணவனுக்குப் பாடம் எடுத்துக் காட்டவும் சொல்வாங்க. மொசார்ட்டின் கிளாரினெட் கான்சர்ட்டோ ஏ சுருதிக் கிளாரினெட்டுக்கு எழுதியது. ஆக இரண்டாவது கருவி வாங்கும் செலவையும் கணக்கில் வைங்க.

கடலூர் உப்புக்காற்றில் கீயின் ஊசி ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடியும். வாசித்ததும் உள்ளே துணி இழுத்து, கீயை உலர் துணியால் துடைங்க. பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்க. மழைக்காலத்தில் மரம் உப்பி மூட்டு இறுகினால் முறுக்காதீங்க, காய விடுங்க. துளையை மூடும் பேட் ஒட்டினால் சிகரெட் தாளை இடையில் வைத்து மெல்ல அழுத்தி எடுக்கணும். பவுடர் போடக்கூடாது.

மஞ்சக்குப்பம்வாசி:
எல்லாருக்கும் நன்றி. 1 கட்டை சுருதிப்பெட்டியோட வாசிச்சா அவனுக்குச் சுருதி ஏறி நிக்குது. பேரலை (ஊதுவாய்க்குக் கீழே உள்ள குட்டிக் குழாய்) எவ்வளவு வெளியே இழுக்கலாம்?

ரீட்பெட்டி:
வெயிலுக்கு ஏறத்தான் செய்யும். 1 மில்லிமீட்டர் வரை பேரலில் இழுங்க. அதுக்கு மேல் போனால் குழாயின் நீளம் குறைவாக ஒலிக்கும் அந்த ஏ-தான் முதலில் இறங்கும், அதாவது உங்க பஞ்சமம். மீதியை நடு மூட்டில் இழுங்க. அப்பவும் பஞ்சமம் இறங்கினால் மூட்டு இடைவெளியில் டியூனிங் ரிங் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போட்டுப் பாருங்க.