டேட்டம் ஃபேஸ்: "நிலைமுகம்"னு சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே. டேட்டத்துக்கு "தரவு"ன்னு போட்டா போதும்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, எனக்கு அது சரியாப் படல. தரவு எப்பவோ டேட்டாவுக்குப் போயிருச்சு. பட்டறையில டேட்டம்னா ஒரு முகம், இதுல இருந்துதான் மத்த அளவெல்லாம்னு நாம முதல்ல முடிவு பண்ற முகம்.

போன மாசம் பட்ட பாட்டைச் சொல்றேன். குட்டி நீராவி எஞ்சினுக்கு சிலிண்டர் வார்ப்படம், காஸ்ட் அயர்ன், போர் (உள்துளை) 6 நூல், அதாவது முக்கால் இஞ்ச். ஊத்தும்போது கோர் (துளை விழறதுக்காக அச்சுக்குள்ள வைக்கிற மணல் கட்டை) அரை நூல் தள்ளிப் போயிருக்கு, வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியல. அந்த ஓட்டைய நம்பி சென்டர் பண்ணியிருந்தா போர்ட் (நீராவி போய்வர்ற வழி) பக்கம் சுவர் மெலிஞ்சிருக்கும். அதனால ஓட்டைல மரக்கட்டைய அடிச்சு, வெளி உருவத்த வச்சு புதுசா சென்டர் குத்தி, போர்ட் முகத்த முதல்ல தட்டையாக்கி, அதையே ஆங்கிள் பிளேட்ல (எல் வடிவ இரும்புத் தாங்கி) அமுக்கிப் பிடிச்சு, லேத்துல சுத்துற ஃபேஸ்பிளேட் தட்டுல மாட்டி எதிர்ப்பக்கம் எடை கட்டித்தான் போர் அடிச்சோம், அப்பதான் போரும் வால்வு ஓடுற அந்த போர்ட் முகமும் இணையா வரும்.

எங்களுக்கு டேட்டமான அந்த முகத்துல முதல் வெட்டே லேசுல போகல. ஓரத்துல இரும்பு சீக்கிரம் ஆறிட்டா கார்பன் கிராஃபைட்டா பிரியாம கார்பைடா இறுகிரும், ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் கிறீச்சுன்னு கத்தி முனை மழுங்கிருச்சு. கார்பைடு டூல் போட்டு, வேகத்தக் குறைச்சு, அந்த இறுகின மேல்தோலுக்கு அடியில போற மாதிரி ஆழமா வெட்டினோம்.

கூட நின்ன தம்பி கேட்டான், "எந்த மூஞ்சியில இருந்துண்ணே அளக்க?" முகம்ங்கிறது நாம கண்டுபிடிக்க வேண்டிய சொல்லே இல்ல பாருங்க, பட்டறையிலயே இருக்கு. "ஆதாரப்பரப்பு" தப்பில்ல, ஆனா மெஷின் சத்தத்துக்கு நடுவுல அத யாரும் வாயால சொல்ல மாட்டாங்க.

மதுரைல சித்திரைத் தேர் கீழமாசி வீதியில கெளம்பி நாலு மாசி வீதியும் சுத்தி அங்கயே வந்து நின்னா "தேர் நிலைக்கு வந்துருச்சு"ம்போம். கெளம்புற இடமும் அதான், திரும்பி வந்து சேர்ற இடமும் அதான். அளவுக்கும் அப்படித்தான், அந்த முகத்துல இருந்து கெளம்பி ஒவ்வொரு தடவையும் அங்கயே வந்து சரிபார்க்கணும். அதனால நிலைமுகம். கோடா இருந்தா நிலைக்கோடு, துளையா இருந்தா நிலைத்துளை, சொல் தானா நீளுது. "நிலை"க்கு ஏற்கெனவே பல பொருள் இருக்குன்னு சொல்வீங்க, முகம்னு சேர்ந்த பிறகு குழப்பம் வராதுன்னு நினைக்கிறேன்.

இப்ப போர்ட் முகத்துல மார்க்கர்ல "நிமு"ன்னு எழுதி வச்சிருக்கோம். கோர் தள்ளிப் போறதுக்கு உங்க ஊர் வார்ப்புப் பட்டறைல என்ன சொல்றாங்கன்னும் எழுதுங்க.