உழவு மிசின் இழுக்கிற பெட்டிக்கு மேல் சின்ன வீடு கட்டினால் தாங்குமா?

வயல்கரை:
எல்லாருக்கும் வணக்கம். வயல் எங்களுடையது, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிறது, ஆனால் குடியிருக்கிற காணி பெரியம்மாவுடையது, அவ பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறா. அதில் கல்வீட்டைக் கட்டிப்போட்டு நாளைக்கு அவையள் வந்து நின்றால் ஒன்றும் கதைக்க முடியாது. பழைய இரண்டு சில்லு உழவு மிசின் பெட்டி ஒன்று பற்றைக்குள் கிடக்கிறது, 12 அடி நீளம், பலகை உக்கிவிட்டது, சட்டம் நல்லது. அதன் மேல் 16 அடிக்கு 8 அடியில் ஒரு அறையும் குசினியும் போட யோசிக்கிறேன். காலபோகத்தில், மாரி நெல் நிற்கிற காலத்தில், வயலடிக்கு இழுத்துப் போனால் யானைக் காவலுக்கும் ஆகும். பாரம், கூரை இரண்டும்தான் யோசனை. ஆராவது செய்திருக்கிறீர்களா?

வெல்டிங்காரன்:
தம்பி, 16 அடியை விடும், 13க்குள் நில்லும். ஒற்றை அக்சில் (சில்லு அச்சு) பெட்டியில் மிசினோடு கொழுவுகிற முனை மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கீழே அமத்த வேணும், பின்பக்கம் பாரம் கூடினால் ரோட்டில் வால் ஆடத் தொடங்கும், பிறகு மிசினையும் சேர்த்து இழுக்கும். அதனால் குசினியை அக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் வையும். 500 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே அரைத் தொன், அதை மேலே ஏற்றவே வேண்டாம், நிலத்தில் தனியாக நிற்கட்டும். சுவருக்குச் சிமெந்துச் சீற் சொல்லுவார்கள், வயல் ரோட்டில் குலுங்கினால் வெடிக்கும். பொக்ஸ் பார் சட்டம், வெளியே மெல்லிய தகரம், உள்ளே பிளைவூட் போதும். இழுக்காத மாதங்களில் சட்டத்தைக் கல்லில் ஏற்றிவிடும், ரயரில் நிற்க விட்டால் வெய்யிலுக்கு வெடித்துப் போகும்.

ஸ்காபரோ அக்கா:
இங்கே கனடா, அமெரிக்காப் பக்கம் சில்லுக்கு மேல் கட்டுகிற வீட்டுப் படங்களைப் பார்த்து அப்படியே எடுக்காதையும் தம்பி. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தனி அனுமதி இல்லாமல் இழுக்க 8 அடி 6 அங்குல அகலமும் பதின்மூன்றரை, பதினாலு அடி உயரமும்தான் எல்லை. அதற்குள் இடம் பிடிக்கத்தான் கூரைக்குக் கீழே மேல்தட்டு போட்டுப் படுக்கிறார்கள், அதுவும் குளிருக்குக் கட்டின வீடு. வன்னியில் சித்திரை வெய்யிலில் தகரத்துக்கு ஒன்றரை அடி கீழே படுத்தால் அவிந்து போவீர். மேல்தட்டே வேண்டாம். தகரத்துக்கு மேலே நாலைந்து அங்குலம் இடைவெளி விட்டு இன்னொரு கூரை, கிடுகென்றாலும் சரி, இழுக்கும்போது கழற்றிவிடலாம். இடையில் காற்று ஓடினால் சூடு பாதி உள்ளே வராது.

முல்லைக் கடலோரம்:
காற்றைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே. 2020 மார்கழியில் புரேவிப் புயல் வந்தது ஞாபகம் இருக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 48 கிலோ தள்ளும். உங்கள் நீளச் சுவர் 10 சதுர மீற்றர் என்றாலே அரைத் தொன் பக்கத்தில் வருகிறது. பாரம் குறைந்த வீடு, அதுவும் சில்லுக்கு மேல் உயரமாக நிற்கிறது. நாலு மூலையிலும் கொங்கிறீற் கட்டி புதைத்துச் சங்கிலியால் கட்டாமல் ஐப்பசிக்குப் போகாதீர்கள். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்து வெள்ளம் வந்தது மாதிரி வந்தால் சில்லு இருக்கிறதே என்று நம்பவும் கூடாது, தண்ணீர் ஏறின பிறகு சேற்றுக்குள் மிசினே தாழும். மேட்டுக்கு முதலே இழுத்துவிட வேணும்.

வயல்கரை:
நன்றி எல்லாருக்கும். 13 அடி என்று முடிவு. சங்கிலிக்கு ஆள் இருக்கிறது.

வெல்டிங்காரன்:
கக்கூஸ் எங்கே?

ஸ்காபரோ அக்கா:
வாளியும் உமியும் போதும் தம்பி. ஒவ்வொரு தடவையும் உமியைக் கொட்டி மூடினால் மணக்காது. பிறகு தனிக் கிடங்கில் மூடி ஒரு வருடம் உக்க விடும், கிணற்றுக்குத் தூரமாக. மரக்கறிப் பாத்திக்குப் போடாதையும், தென்னைக்குப் போடலாம்.

வயல்கரை:
உமிக்குப் பஞ்சமில்லை அக்கா, ஆலை பக்கத்திலேதான். இதை அம்மாவுக்கு ஆர் சொல்லுகிறது?