‘கர்ப்பக் கட்டி’க்கு மாற்றுச் சொல்

அன்புள்ள குழுவினர்க்கு,

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கர்ப்பிணிகளிடம் கொடுக்க, ஈறு பற்றிய துண்டறிக்கை ஒன்று தமிழாகிறது. கர்ப்பத்தில் ஈறில் வளரும் சதையான ‘பிரெக்னன்சி டியூமர்’ என்பதற்குக் ‘கர்ப்பக் கட்டி’ என்றும், அதன் நோயியல் பெயரான ‘பயோஜெனிக் கிரானுலோமா’வுக்குச் ‘சீழ்க்கட்டி’ என்றும் இட்டிருக்கிறேன். வாயின் உட்புறத்தைப் போர்த்திய ‘மியூக்கோசா’வுக்குச் சளிச்சவ்வு. சரிதானா?

———

ஐயா, வணக்கம்.

முதல் இரண்டையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ‘கர்ப்பக் கட்டி’ என்று படிக்கிற பெண் கர்ப்பப்பையில் கட்டி என்றுதான் நினைப்பார். வாய் நினைவுக்கே வராது. ‘சீழ்’ அதைவிடப் பிழை. ‘பயோஜெனிக் கிரானுலோமா’ 1904-இல் தோல் மருத்துவர் ஹார்ட்செல் இட்ட பெயர், சீழ் உண்டாக்கும் கிருமியால் வருவது என்ற எண்ணத்தில் பிறந்தது. நுண்ணோக்கியில் சீழும் இல்லை, கிரானுலோமாவும் (அழற்சிச் செல்கள் திரண்ட முடிச்சு) இல்லை. கொத்துக்கொத்தாக நுண்ணிய இரத்தக்குழாய்கள்தான். ஆங்கிலத்தின் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நடப்பது இதுதான். ஈறிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனை உணரும் ஏற்பிகள் உண்டு. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் ஏற ஏற, ஈறின் நுண்குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. பல்லடியில் கொஞ்சம் அழுக்கு படிந்திருந்தாலே ஈறு மளமளவென்று சிவந்து வீங்கும். 2-ஆம் மாதவாக்கில் தொடங்கி 8-ஆம் மாதத்தில் உச்சம். சிலருக்கு மட்டும், பெரும்பாலும் மேல்வரிசை முன்பற்களின் இடுக்கில், செக்கச்செவேலென்று ஒரு சதை முளைக்கும். அடி ஒடுங்கியிருக்கும், பொதுவாக 2 செ.மீ.க்குள் நிற்கும், பிரஷ் பட்டாலே இரத்தம் வரும்.

ஹார்மோன் மட்டும் காரணமில்லை, படிவும் வேண்டும். துண்டறிக்கையில் இதை அழுத்தி எழுதுங்கள். இரத்தத்தைக் கண்டு பயந்து பிரஷ்ஷை விட்டு விரலால் பல்பொடி தேய்த்தால், பல்லிடுக்கில் படிவு ஏறி வீக்கம் இன்னும் கூடும். மென்மையான பிரஷ்ஷால் இருவேளை துலக்க வேண்டும். கர்ப்பத்தின் 4 முதல் 6-ஆம் மாதத்துக்குள் பல் மருத்துவரிடம் படிவை எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் அந்தச் சதையை வெட்டினால் திரும்பவும் வளர வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே சுருங்கும். மெல்ல முடியாவிட்டால், இரத்தம் நிற்காவிட்டால் மட்டும் முன்பே வெட்டுவார்கள்.

சொல்லுக்கு வருவோம். ‘ஈறுமொட்டு’ வடிவத்துக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் பாடநூல்களில் சுவைமொட்டு இருக்கிறது, குழம்பும். என் பரிந்துரை ‘நுண்நாளத் திரள்’. ஆண்களுக்கும், உதட்டிலும் நாக்கிலும் வரும் இதே வளர்ச்சிக்கும் அது செல்லும். கர்ப்பத்தில் வந்தால் ‘சூல்கால நுண்நாளத் திரள்’.

———

அம்மா, ‘திரள்’ எனக்கும் உடன்பாடு. ஆனால் ‘சூல்கால’ மருத்துவ நூலோடு நிற்கட்டும்.

வேறொரு சிக்கல். ஆறு ‘ஆற்றில்’ ஆவதுபோல் ஈறு ‘ஈற்றில்’ ஆக வேண்டும். ‘ஈற்றில் வளரும் சதை’ என்றால் கடைசியில் வளரும் சதை என்று பொருள்படும். ஈற்று என்றால் பிரசவமும் ஆகும்! எனவே ‘ஈறில்’ என்றே இருக்கட்டும். வண்ணாரப்பேட்டை, காசிமேட்டில் ‘எகிறு வீங்கிக்கிச்சு’ என்பார்கள்; ஒருமுறை ‘ஈறு (எகிறு)’ என்று கொடுத்தால் எல்லாருக்கும் புரியும்.

சளிச்சவ்வு என்றதும் மூக்குச்சளிதான் நினைவுக்கு வரும். நூலில் ‘சீதச்சவ்வு’, துண்டறிக்கையில் ‘வாயின் உள்தோல்’. ஆக, அறிக்கையின் வரி இப்படி இருக்கலாம்:

“கர்ப்ப காலத்தில் ஈறில் (எகிறு) சிவப்பாகச் சதை வளரலாம். இது புற்றுநோய் இல்லை. பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.”