துருப்பிடித்த பாலத்தூண் நிலநடுக்கத்தைத் தாங்குமா?

கேள்வி:
சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கழிமுகப் பாலம். தூண்களின் அடியில் காங்கிரீட் பெயர்ந்து சுற்றுக்கம்பி (தூணுக்குள் வளையமாகச் சுற்றிக் கட்டிய கம்பி) பழுப்பாக வெளியே தெரிகிறது. லாரி பஸ் எல்லாம் ஓடுகின்றனவே, பயமில்லை என்கிறார்கள். இது மிதமான நிலநடுக்க அபாயமுள்ள பகுதி ஆயிற்றே, அதிர்ந்தால் என்ன ஆகும்?

பதில் 1:
லாரி பாரம் கீழ்நோக்கி அமுக்கும், அதைப் பெரும்பாலும் காங்கிரீட்டே சுமந்துவிடும். நிலநடுக்கம் பக்கவாட்டில் ஆட்டும்போது தூண் நொறுங்காமல் வளைந்துகொடுக்க வேண்டும், அதற்கு உள் காங்கிரீட்டையும் மேலிருந்து கீழாக நிற்கும் நெடுங்கம்பிகளையும் இறுக்கிப் பிடித்திருப்பது சுற்றுக்கம்பிதான். அது மெல்லியது, வெளிப்பக்கமும் இருப்பதால் கழிமுகத்து உப்பு முதலில் தொடுவது அதைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுற்றிலும் 1 மி.மீ. துரு தின்றால் 25 மி.மீ. கம்பியின் பரப்பில் 15 சதவீதம் குறையும், 8 மி.மீ. கம்பியிலோ 44 சதவீதம் போய்விடும். பிடி விட்டால் நெடுங்கம்பி வெளியே பிதுங்கும்.

பதில் 2:
சார் சொல்வது சரி. 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் ஹான்ஷின் மேம்பாலச் சாலை 600 மீட்டருக்கு மேல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அங்கே துரு காரணமில்லை, தூண்களில் சுற்றுக்கம்பி குறைவு, நெடுங்கம்பிகள் சிலவற்றைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். துருவோ நன்றாகக் கட்டிய தூணிலும் சுற்றுக்கம்பியைக் குறைத்துவிடுகிறது.

கேட்டவர்:
போன வருடம் மேலே சிமெண்ட் பூசினார்கள், போதாதா?

பதில் 1:
போதாது. உப்பிலிருந்து வந்த, துருவேற்றும் குளோரைடு உள்ளேயே இருக்கும், புதிதாகப் பூசிய ஒட்டுக்குப் பக்கத்துப் பழைய காங்கிரீட்டில் துரு இன்னும் வேகமாகக்கூட ஏறலாம். கம்பிக்குப் பின்னால்வரை கொத்தியெடுத்து, தேய்ந்த இடத்தில் புதுக்கம்பி கட்டி, அப்புறம் தூணைச் சுற்றி உறை போட வேண்டும். முதலில் குளோரைடு சோதனை செய்யச் சொல்லி மனு கொடுங்கள், பெயர்ந்த இடத்தின் போட்டோவையும் சேர்த்து.