முதலாண்டு காம்போசிஷன் வகுப்பை இலக்கியம் வைத்து நடத்தலாமா?

மழைக்காகிதம்:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் பிஎச்.டி. செய்கிறேன். வரும் செமஸ்டரில் டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டென்ட்) வேலையாக முதலாண்டு மாணவர்களுக்கான காம்போசிஷன் வகுப்பு, அதாவது கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு ஒன்றைத் தந்திருக்கிறார்கள். பேராசிரியருக்கு உதவியாகப் பேப்பர் திருத்தும் வேலை இல்லை, சிலபஸ் போடுவதிலிருந்து கிரேடு கொடுப்பதுவரை முழுக்க என் பொறுப்பு. வகுப்பில் 20 பேர். பெரும்பாலும் இன்ஜினியரிங், நர்சிங், பிசினஸ் என்று கட்டாயப் பாடம் என்பதற்காக வருகிறவர்கள்.

இந்த வகுப்பை இலக்கியம் வைத்து நடத்த எங்கள் துறையில் அனுமதி உண்டு. 15 வாரத்தில் மூன்று நாவல், கொஞ்சம் கவிதை, நான்கு கட்டுரை என்று ஒரு சிலபஸ் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் யோசிக்க யோசிக்கச் சந்தேகம் வருகிறது. லேப் ரிப்போர்ட் எழுதப்போகிற பிள்ளைக்கு நாவலைப் பற்றி எழுதுவது நிஜமாகவே எழுத்துப் பயிற்சி ஆகுமா, இல்லை எனக்குப் பிடித்ததை அவர்கள் தலையில் கட்டுகிறேனா? அப்புறம், என் சொந்தப் படிப்பையும் பார்த்துக்கொண்டு இத்தனை கட்டுரைகளை எப்படித் திருத்தி முடிப்பது? எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஓரக்குறிப்பு:

தாராளமாக இலக்கியம் வையுங்கள், ஆனால் மூன்று நாவலையும் எடுத்துவிடுங்கள். நாவல் வைத்தால் பாதி வகுப்பு படிக்காமல் வரும், அவர்களுக்குக் கதை சொல்லியே நேரம் போய்விடும், எழுதுவது என்பது வீட்டில் தனியாகச் செய்கிற வேலையாகிவிடும். வகுப்பில் உட்கார்ந்தே இரண்டு தடவை படித்து முடிக்கிற அளவுள்ள கதைதான் இதற்குச் சரி.

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபன் 1894-இல் எழுதிய ‘ஒரு மணி நேரத்தின் கதை’யை எடுத்துக்கொள்ளுங்கள், சில பக்கங்கள்தான். கணவன் ரயில் விபத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மனைவி அறைக்குள் தனியாகப் போய் உட்காருகிறாள், துக்கத்துக்கு நடுவிலேயே இனி நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை என்ற உணர்வு மெல்ல எழுகிறது. கடைசியில் கணவன் உயிரோடு வாசலில் வந்து நிற்க, அவள் இறந்துபோகிறாள், மகிழ்ச்சி தாங்காமல் இறந்ததாக டாக்டர்கள் சொல்கிறார்கள். முதல் டிராஃப்டில் கிட்டத்தட்ட எல்லோரும் நான் இப்போது சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள், அதாவது கதைச்சுருக்கம். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. “டாக்டர்கள் சொன்னது தப்பு என்று கதைக்குள் யாருக்குத் தெரியும்?” என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாது. அறைக்குள் அவளோடு இருந்தது வாசகர் மட்டும்தான். இதைப் பிடித்துக்கொண்ட என் மாணவி ஒருத்தி, ‘இந்தக் கதை வாசகரை மட்டுமே சாட்சியாக்குகிறது’ என்று இரண்டாவது டிராஃப்டை ஆரம்பித்தாள். அது வாதம். ஒருவர் மறுக்கலாம், அதனால் ஆதாரம் காட்டியாக வேண்டும், ஆதாரமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் அளந்தது எது, அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு எது என்று பிரித்து எழுதுவதும் இதே வேலைதான்.

தென்கரை:

நான் ரெட்டரிக் மற்றும் காம்போசிஷன் பிரிவில், அதாவது வாதத்தையும் எழுத்துப் பயிற்சியையும் ஆராயும் பிரிவில் படித்தவன், அதனால் கொஞ்சம் மாறுபடுகிறேன். இது பழைய சண்டை. 1993-இல் ‘காலேஜ் இங்கிலீஷ்’ இதழில் இரண்டு காம்போசிஷன் பேராசிரியர்கள் மோதினார்கள்: எரிகா லிண்டமன் முதலாண்டு எழுத்து வகுப்பில் இலக்கியத்துக்கு இடமில்லை என்றார், கேரி டேட் இடம் உண்டு என்றார். லிண்டமன் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இலக்கியம் உள்ளே வந்துவிட்டால் ஆசிரியர் பேச ஆரம்பித்துவிடுவார், மாணவர் கேட்டுக்கொண்டிருப்பார். அதுவும் நாம் செமினாரிலிருந்து நேராக வகுப்புக்குப் போகிறவர்கள், காலையில் விவாதித்த கோட்பாடு மதியம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மேல் கொட்டும்.

இலக்கியமும் காம்போசிஷனும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டவை. ஹார்வர்டு 1874-இல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னபோதே தலைப்புகளை இலக்கிய நூல்களிலிருந்துதான் எடுத்தது. இன்றைக்கும் பல இடங்களில் இந்த வகுப்பு ஆங்கிலத் துறையின் கையில் இருக்கிறது, துறையிடம் இருப்பதோ இலக்கியம் படிக்கும் பிஎச்.டி. மாணவர்கள். பாடம் இப்படி அமைந்ததில் மாணவரின் தேவையைவிட ஆள் கிடைப்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

அதனால் என் யோசனை இது. ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரமாவது திரையில் மாணவர் எழுதிய பத்தி இருக்க வேண்டும், பெயரை எடுத்துவிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு. நான்கில் ஒரு கட்டுரையாவது அவரவர் துறை சார்ந்ததாக இருக்கட்டும். நர்சிங் மாணவர் ஒரு நர்சிங் ஆய்வுக்கட்டுரையை எடுத்து, ஆசிரியர் எங்கே உறுதியாகச் சொல்கிறார், எங்கே ‘இருக்கலாம்’ என்று பின்வாங்குகிறார், ஏன் என்று எழுதட்டும்.

ஓரக்குறிப்பு:

பாதி நேரம் மாணவர் எழுத்துக்கு என்பதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் முதலாண்டு மாணவர் ஆய்வுக்கட்டுரையோடு மல்லுக்கட்ட முடியாது, துறை இன்னும் தெரியாதே. அதில் சொன்னதைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். சின்னக் கதையில் எனக்குத் தெரியும் வரிகள்தான் அவருக்கும் தெரிகின்றன. “நீங்கள் சொல்வது சரியில்லை, இந்த வரியைப் பாருங்கள்” என்று ஆசிரியரிடமே சொல்லும் துணிச்சல் அங்கேதான் வருகிறது. அந்தத் துறைக் கட்டுரையைக் கடைசியில் வையுங்கள்.

கல்வெட்டு:

திருத்துவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 பேர், நான்கு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு டிராஃப்ட் என்றால் 160 தடவை படிக்க வேண்டும். ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 53 மணி நேரத்துக்கு மேல். நீங்கள் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருந்தால் செமஸ்டர் நடக்கும்போது வளாக வேலைக்கு வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு, அதற்குள் வகுப்பு, தயாரிப்பு, மாணவர்களைச் சந்திப்பது எல்லாம் அடங்க வேண்டும். எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் என்றால்தான் நல்லது என்று காம்போசிஷன் ஆசிரியர்களின் அமைப்பான சி.சி.சி.சி.யே சொல்கிறது, அதாவது நீங்கள் அந்த உச்சத்தில் நிற்கிறீர்கள்.

முதல் டிராஃப்டில் ஒரு கமாவைக்கூடத் தொடாதீர்கள். வாதம் எங்கே இருக்கிறது, எந்தப் பத்தி அதற்கு உதவவில்லை, இவ்வளவுதான் எழுத வேண்டும். எழுத்துப் பயிற்சியை ஆராய்ந்த நான்சி சாமர்ஸ் 1982-லேயே இதைக் காட்டியிருக்கிறார்: ஒரே பேப்பரில் வாக்கியத்தைத் திருத்து என்றும் அந்தப் பத்தியையே மாற்றி யோசி என்றும் சேர்த்து எழுதினால் மாணவர் குழம்புகிறார், தான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஆசிரியர் விரும்புவதைத் தேடிப் போகிறார். பாதி டிராஃப்டுகளுக்கு எழுத்தில் எதுவும் எழுதாமல், நேரில் பத்து நிமிடம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்களே அவர்கள் பத்தியைச் சத்தமாக வாசிக்கும்போது எங்கே இடறுகிறது என்று அவர்களுக்கே கேட்டுவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். நம் உச்சரிப்பு, வெளிநாட்டிலிருந்து வந்து இவர்களுக்கு ஆங்கிலம் எடுப்பதா என்ற தயக்கம் முதல் வாரத்தில் வரும். ஆங்கிலத்தை விதி விதியாகப் படித்து வந்தவர் நீங்கள். ஒரு வாக்கியம் ஏன் நிற்கவில்லை என்று காரணத்தோடு உங்களால் சொல்ல முடியும். அது அந்த வகுப்பில் பெரிய பலம்.

மழைக்காகிதம்:

ரொம்ப நன்றி. நாவல்களை எடுத்துவிட்டேன். மூன்று கட்டுரைக்கும் சிறுகதைகள், கடைசிக் கட்டுரை அவரவர் துறையிலிருந்து. வாரம் ஒரு வகுப்பு முழுக்க டிராஃப்டுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஒரு கேள்வி மிச்சம்: ஷோபன் கதை மாதிரி எல்லோரும் வைக்கிற கதை என்றால் சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் கட்டுரை எழுதிக் கொடுத்துவிடாதா?

கல்வெட்டு:

கொடுக்கும். அதனால் ஷோபனை வகுப்பில் பழகுவதற்கு வையுங்கள், மதிப்பெண் உள்ள கட்டுரைக்கு அதிகம் பேசப்படாத கதையாகப் பாருங்கள். முதல் வாரத்திலேயே வகுப்பில் கையால் ஒரு பக்கம் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். யாரையும் பிடிப்பதற்காக இல்லை. ஒவ்வொருவரும் எப்படி யோசிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும், இரண்டாவது வாரம் எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதும்.