ஜூனியர் தம்பிக்கு நானே எழுதிக் கொடுத்துக் கெடுத்துவிட்டேனா?

கேள்வி (பி.காம். மூன்றாம் ஆண்டு, சேலம்):
ஏற்காட்டில் இருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் முதலாண்டுத் தம்பி ஒருவனைப் பார்த்துக்கொள்ளும்படி எங்கள் எச்ஓடி (துறைத் தலைவர்) சொன்னார். அவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது படிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு. வாயால் கேட்டால் கணக்கை மடமடவென்று சொல்வான். தாளில் எழுதினால் டெபிட் (பற்று) பக்கத்துத் தொகை கிரெடிட் (வரவு) பக்கத்துக்குப் போய்விடும். பாவமாக இருக்கிறதே என்று இரண்டு மாதமாக அசைன்மென்டை எல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். நேற்று பேனாவையே எடுக்கவில்லை. "அண்ணா, நீங்களே எழுதிடுங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செமஸ்டருக்கு என்ன செய்வான்?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
தம்பி, முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், மத்திய அரசின் வழிகாட்டுதல்படி தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வு நாலு மணி நேரமாகும். சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேட்கலாம். ஆனால் நீங்களே போய் உட்கார முடியாது. மாணவர் தானாக அழைத்து வரும் ஆள் அவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு இதற்கெல்லாம் ஓடாதீர்கள்.

பதில் 2 (எம்.ஏ. மாணவி):
எனக்கும் இதே டிஸ்லெக்ஸியாதான். என் சீனியர் அக்கா ஒரு வரிகூட எழுதித் தந்ததில்லை. அப்போது கோபம் கோபமாக வரும். பதிலை போனில் பேசிப் பதிவு செய்யச் சொல்வார். அப்புறம் நானே அதைக் கேட்டுக் கேட்டு எழுதுவேன். தப்பை மற்றவர் முன்னால் சொல்லவே மாட்டார். உங்கள் தம்பிக்கு டெபிட்டுக்கு நீலம், கிரெடிட்டுக்குப் பச்சை என்று கோடு போடச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் உட்கார வைக்காதீர்கள். அந்த வளைவுகளுக்குப் பிறகு எழுத்து எனக்கே ஆடும். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கேட்டவர்:
நன்றி சார், நன்றிக்கா. போனில் பேசிவிட்டு அரைப் பக்கம் அவனே எழுதினான். மூன்று தப்பு, இரண்டை அவனே கண்டுபிடித்தான். சான்றிதழ்தான் சிக்கல். "ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று அவன் அப்பா வாங்க விடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மேலே போய் அவரிடம் பேசப் போகிறேன். சார், அந்த நாலு மணி நேர விஷயத்தை முதலில் சொல்லட்டுமா?